நேசம்மாள் தின்ற மாத்திரைகளின் பெயர்

சகாயத்தின் மருந்துக்கடையில் குமாரதாசுக்கு இருந்த பற்று ஆயிரத்து நானூற்று அறுபது ரூபாய். அதைத் தீர்க்கத்தான் வருகிறான் என்று சகாயம் நினைத்தார். குமாரதாஸ் வந்தது மாத்திரைகளின் பெயர் கேட்டு.

அவன் மனைவி நேசம்மாள் நாலு நாளாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். மூத்திரக் கடுப்பில் தொடங்கிய காய்ச்சல் கிட்னி வரை ஏறிவிட்டது. போடுகிற ஊசி எதுவும் கேட்கவில்லை. முன்பு என்னென்ன மாத்திரை தின்றாள், எத்தனை நாள் தின்றாள் என்று டாக்டரம்மா கேட்டபோது அவனுக்கு நிறம் மட்டும்தான் சொல்லத் தெரிந்தது. பாதி சிவப்பு, பாதி மஞ்சள். இன்னொன்று வெள்ளை, நீளமானது. நிறம் போதாது, பெயர் வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வடசேரிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவன் டாக்டரைப் பார்க்கப் போனால் முந்நூறு ரூபாயும் ஒரு நாள் கூலியும் போகும். சகாயத்திடம் வந்தால் காய்ச்சலா என்று ஒரு கேள்வி, கத்தரியால் நறுக்கிய நாலு மாத்திரை, நோட்டில் ஒரு வரி. இரண்டு வருஷமாக நேசம்மாளுக்கு அப்படித்தான். ரெண்டு நாளில் கடுப்பு நிற்கும். அவளும் மாத்திரையை நிறுத்துவாள். கொஞ்ச மாசம் கழித்து மறுபடி வரும்.

"அண்ணாச்சி, அவளுக்கு நீங்க தந்த மாத்திரைக்க பேரெல்லாம் ஒரு தாளுல எழுதித் தாங்க. டாக்டரம்மா கேக்காவ."

சகாயத்தின் முகம் மாறியது. அவனைக் கடைக்குள் கூப்பிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்தினார். டாக்டர் சீட்டில்லாமல் கொடுத்ததை எழுதிக் கொடுத்தால் நாளைக்கே ஆள் வரும், லைசென்ஸ் போகும் என்றார். அவருக்கும் ரெண்டு பிள்ளைகள் படிக்கிறார்களாம். பிறகு பற்று நோட்டைத் திறந்து குமாரதாசின் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"உனக்க பற்றை நான் தள்ளிட்டேன் மக்கா. நீ இதைப் பேசாதே."

குமாரதாசுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. ஆயிரத்து நானூற்று அறுபது. நேசம்மாளுக்கு இந்த மனுஷன் போட்ட விலை.

"எனக்க பெண்டாட்டி சாகக் கெடக்கா வேய். உமக்கு லைசென்ஸா?"

அண்ணாச்சி போய் வேய் வந்ததில் சகாயத்துக்கும் சூடேறியது. வாசலில் நின்று ரெண்டு போதும், ரெண்டு போதும் என்று குறைத்துக் கேட்டது யார்? பங்குனியில் முழு அட்டையாகப் பத்து கொடுத்து, அஞ்சு நாளும் காலையும் ராத்திரியும் தின்னணும் என்று படித்துப் படித்துச் சொல்லவில்லையா?

"அந்தப் பத்தும் அவ தின்னாளா லே?"

தின்னவில்லை. மூட்டை தூக்குகிறவர்களுக்குள் டீக்காசு போல மாத்திரையும் கைமாற்று. மாசியில் குமாரதாசுக்கு நெஞ்சுச்சளி கட்டியபோது வினோஜ் தன் அட்டையிலிருந்து ஆறு பிய்த்துத் தந்திருந்தான். வாங்கினதைத் திருப்பாதவனோடு யாரும் சேர்ந்து மூட்டை பிடிக்க மாட்டார்கள். பத்தில் ஆறை எண்ணி வினோஜிடம் கொடுத்துவிட்டு நாலைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனான். நாணயக்காரன் என்று அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்தி வேறு நடந்தான்.

"இல்ல. ஆறை நான் வினோஜுக்குத் திருப்பிட்டேன்," என்றான். "அதை டாக்டரம்மாகிட்ட நானே சொல்லுவேன். எனக்க தப்பு எனக்கு. உமக்கதை நீரு எழுதும்."

மடியிலிருந்து பணத்தை எடுத்தான். ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று சங்கத்தில் வாங்கிய முன்பணம். கண்ணாடி மேசைமேல் ஆயிரத்து நானூற்று அறுபதை எண்ணி வைத்தான். சகாயம் தொடவில்லை. வாசலில் ஒருத்தி வந்து, பிள்ளைக்குச் சளி, ரெண்டு மாத்திரை போதும் என்று கையை நீட்டினாள். குமாரதாஸ் திரும்பிப் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டாள்.

"எழுதும். எழுதாம நான் இந்தப் படி எறங்க மாட்டேன்."

சகாயம் பேனாவை எடுத்தார். நோட்டிலிருந்த தேதியையும் விலையையும் பார்த்துப் பார்த்து ஒரு தாளில் பெயர்களை எழுதினார். ஏழு வரி. குமாரதாஸ் எழுத்துக்கூட்டி வாசித்தான். அஞ்சு வரியில் ஒரே பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை மாத்திரை என்று போடச் சொன்னான். அந்த அஞ்சில் நாலு, நாலு, ரெண்டு, நாலு, பத்து. அந்தப் பத்தை அவனே அடித்து நாலு என்று எழுதினான்.

சகாயம் பணத்தை எடுத்து மேசைக்குள் போட்டார். கணக்கு தீர்ந்தது, இனி இந்தக் கடைக்கு வராதே என்றார்.

குமாரதாஸ் தாளைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு ஆஸ்பத்திரி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.