ஒழுகும் படகுக் கார்

மூன்றாவது தடவையாக அந்தக் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். கியர் பாக்ஸின் பின்பக்க ரப்பர் சீலிலிருந்து ஒரு சொட்டு சிவப்பு ஆயில் நெற்றியில் விழுந்தது. துடைக்காமல் கிடந்தேன். துடைத்து என்ன ஆகப்போகிறது, அடுத்த சொட்டு வரத்தான் போகிறது.

அது ரோச் முதலாளி வீட்டு அமெரிக்கக் கார். நீளத்தைப் பார்த்து ஊரே அதைப் படகுக் கார் என்றுதான் சொல்லும். தூத்துக்குடியில் கிளச் இல்லாத கார் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். கியர் தானாக மாறிக்கொள்ளும். அதற்கென்று உள்ள சிவப்பு ஆயிலைக் கப்பல்காரர்களிடம் சொல்லிவைத்து வாங்க வேண்டும். அப்படித் தவம் கிடந்து வாங்கியதைத்தான் அது என் பட்டறைத் தரையில் பெய்துகொண்டிருந்தது.

அதன் டிரைவர் கிளாட்வின் பக்கத்தில் ஒரு பழைய டயர்மேல் இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முன்பு கொழும்புக்குத் தோணியில் போய்வந்த ஆள். சரக்கு சரிந்து விழுந்ததில் அந்தக் கால் நசுங்கிவிட்டது. அதை வைத்துக் கிளச் மிதிக்க ஆகாது. பெரிய முதலாளி ரோச் உயிரோடு இருந்தபோது, “இந்த வண்டிக்கு ஒரு கால் போதும்லே” என்று சாவியைக் கையில் கொடுத்தார். இந்தக் கார் போய்விட்டால் கிளாட்வின் ஓட்ட ஊரில் வேறு வண்டி கிடையாது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“வன்னியபெருமாள் அண்ணாச்சி, இந்தத் தடவையாது நின்னுருமா?”

“நீ கேட்டுக்கிட்டே இருந்தா நிக்கவா போவுது? வாய மூடிட்டு இரிலே.”

“இல்லண்ணாச்சி, சின்ன முதலாளி காலையில ஒரு மாதிரி பேசுனாரு. இத்தோட ஒரு முடிவு பாத்துருவோம்னாரு. ஒழுகுத வண்டிய அவரு எத்தன நாளு வச்சிருப்பாரு, சொல்லுங்க.”

சின்ன முதலாளி என்றது ரோச்சின் மகன் வளனை. அவர் புதிதாக அம்பாசிடர் வாங்கித் தானே ஓட்டிக்கொள்கிறார். படகுக் கார் அவருடைய அம்மா பூசைக்குப் போய்வர மட்டும்தான்.

இரண்டு தடவை சீல் மாற்றியாகிவிட்டது. நாலைந்து நாள் சமர்த்தாக இருக்கும். திருச்செந்தூர் வரை ஒரு ஓட்டம் போய்வந்தால் பழையபடி ஒழுகும். இனிமேல் அங்கே இங்கே தடவிப் பயனில்லை என்று கியர் பாக்ஸையே சங்கிலி போட்டுக் கீழே இறக்கினேன். முதுகு விட்டுப்போயிற்று. அதன் தலையில் படிந்திருந்த அழுக்கைச் சுரண்டியபோது விரலில் ஏதோ வழவழவென்று தட்டியது. உரசிப் பார்த்தேன். பஞ்சு. பஞ்சைத் திணித்து, மேலே குங்கிலியம் காய்ச்சிப் பூசி, அவ்வளவு சுத்தமாக அடைத்திருந்தது. தோணிப் பலகை இடுக்கில் தண்ணீர் வராமல் இப்படித்தான் கலப்பத்து அடிப்பார்கள்.

“என்னலே இது?”

கிளாட்வின் முகம் மலர்ந்தது. “அதுவா? நாந்தான் அண்ணாச்சி. மொதமொத ஒழுகினப்பவே அடியில நுழைஞ்சு பாத்தேன். மேல ஒரு ஓட்ட, ஈரமா இருந்துச்சு. நல்லா அடிச்சு அடச்சுட்டேன். அந்த வழியா ஒரு சொட்டு வந்திருக்காதே?”

வரவில்லைதான். எப்படி வரும்? அது கியர் பாக்ஸ் மூச்சுவிடும் துளை. ஆயில் சூடானால் உள்ளே இருக்கும் காற்று விரியும். அந்தத் துளை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அதை அடைத்தால் காற்று ஆயிலைத் தள்ளும், ஆயில் சீலைப் பிதுக்கிக்கொண்டு வரும். எத்தனை சீல் மாற்றினாலும் வரும். இதை அவனுக்குச் சொல்லும்போது என் குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும். என்னென்ன திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது.

அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். பிறகு மெதுவாக, “தோணியில தெறந்து கெடக்க வேண்டிய ஓட்டன்னு ஒண்ணு உண்டா அண்ணாச்சி?” என்றான்.

பஞ்சுக் கட்டியைக் கெல்லி எடுத்து மேசையில் போட்டேன்.

புது சீலும் போட்டு, எல்லாவற்றையும் மாட்டி, மறுநாள் திருச்செந்தூர் போய்த் திரும்பினோம். பட்டறையில் நிறுத்தி அடியில் செய்தித்தாளை விரித்தோம். வெகுநேரம் கழித்து எடுத்தால் ஒரு பொட்டு இல்லை. கிளாட்வின் சிலுவை போட்டுக்கொண்டு என் எண்ணெய்க் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எனக்கும் சந்தோஷம்தான். வயசுக்கும் இந்தக் காருக்கு அடியில் படுக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

சாயங்காலம் வளன் வந்தார். தாளை அவரே கையில் வாங்கிப் பார்த்தார்.

“சாதிச்சுட்டீங்க அண்ணாச்சி. பெரிய தலவலி போச்சு. பழைய இரும்புக்குப் போட அம்மா விடமாட்டா. ஓட்டுத ஆளு கையிலதான் குடுக்கணும்னு பிடிவாதம். ஒழுகுத வண்டிய எவன் வாங்குவான்? நாகர்கோவில்காரரு ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நாளைக்கு வந்து திருச்செந்தூர் வர ஓட்டிப் பாக்கட்டும். சொட்டலேன்னா அப்படியே கொண்டுபோறேன்னு சொல்லுதாரு.” கிளாட்வினைப் பார்த்தவர் சற்றுத் தயங்கினார். “ஒனக்கு வேற ஏதாவது பாப்பம், என்ன?”

“சரி முதலாளி” என்றான் கிளாட்வின்.

வளன் தாளைக் கீழே போட்டுவிட்டு அம்பாசிடரில் ஏறிப் போனார். உப்பளத்துக் காற்று அந்தத் தாளைத் தரையோடு இழுத்துக்கொண்டு போயிற்று. இந்த ஒழுகல்தான் இத்தனை நாள் அவனுக்குச் சோறு போட்டிருக்கிறது. அதைத்தான் நான் முதுகு ஒடிய வேலை பார்த்து நிறுத்தியிருக்கிறேன். என் திறமையை நினைக்க எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

கிளாட்வின் டயரைவிட்டு எழுந்து, காலை இழுத்துக்கொண்டு மேசைப் பக்கம் போனான்.

“அண்ணாச்சி, அந்தப் பஞ்சுக் கட்டி இங்கனதான கெடந்துச்சு?”

நான் ஸ்பேனர்களை ஒதுக்கி அதை எடுத்து அவன் கையில் வைத்தேன். கல்லாக இறுகியிருந்தது.

“சூடு காட்டுனா எளகிரும்” என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

அடுப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. சட்டியை இறக்கி வைத்துவிட்டு அடுப்பை அவனுக்கு விட்டுக்கொடுத்தேன். அடுத்த வாரம் நாலாவது தடவையாக இந்தக் காருக்கு அடியில் நான்தான் படுக்க வேண்டும்.

“நல்லா இறுக்கி அடைலே” என்றேன்.