சாருமதி வைக்காத கையெழுத்து

விடிய ஐந்தரைக்கே உப்புப் பாத்திக்குள் இறங்கியாக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெள்ளை கண்ணைக் கூசவைக்கும். கணுக்கால் அளவு உப்புத் தண்ணீரில் நாற்பது பெண்கள் வெறுங்காலோடு நின்று, பலகை பூட்டிய தடியால் உப்பை வரம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பாதத்தில் வெடிப்பில்லாதவள் அங்கே ஒருத்தியும் இல்லை. வெடிப்புக்குள் அந்தத் தண்ணீர் போனால் எப்படி எரியும் என்பது உப்பைச் சாப்பாட்டு மேசையில் மட்டும் பார்த்தவர்களுக்கு விளங்காது.

வரம்பில் நின்ற சாருமதியின் காலில் மட்டும் சப்பாத்து இருந்தது. உடப்பு ஊரில் பிறந்தவள், பன்னிரண்டு வருஷம் இராணுவத்தில் இருந்து கோப்ரலாக விலகியவள். ஊருக்குத் திரும்பியபோது ஆமிக்காரி என்று கலியாணப் பேச்சுகூட வாசல் படலையோடு நின்றுவிட்டது. அப்போது கூப்பிட்டு மேற்பார்வையாளர் வேலை கொடுத்தவர் அவளுடைய பழைய அதிகாரி மேஜர் நளீம். ஓய்வு பெற்றதும் கற்பிட்டிப் பக்கம் உப்பளம் வாங்கியிருந்தார். போன வருஷம் கொழும்பிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வந்து, படையிலிருந்து வந்து வாழ்க்கையில் வென்ற பெண் என்று அவளைப் படத்தோடு எழுதினார்கள். அந்தப் பக்கத்தை மேஜர் கண்ணாடி போட்டுத் தன் கந்தோரில், மேசைக்கு மேலே மாட்டினார். அதைக் காணும்போதெல்லாம் சாருமதிக்குப் பெருமையாக இருந்தது. இருக்காதா? உழைத்து எடுத்த இடம்.

படம் எடுத்த அன்றுதான் எல்லாப் பெண்களுக்கும் புது றப்பர் சப்பாத்து கிடைத்தது. படையில் பழகியபடி சாருமதி ஒவ்வொருத்தியிடமும் கையெழுத்து வாங்கினாள். வந்தவர்கள் போனதும் சப்பாத்துகளைத் திருப்பி வாங்கி, கழுவி ஸ்டோரில் வைக்கச் சாருமதியிடம் சொன்னார் மேஜர். அடுத்த கிழமை தருவாராம். வேறு யாரும் என்றால், திருப்பிக் கொடுத்த பொருளுக்குத் துண்டுச்சீட்டு வாங்காமல் அவள் நகர்ந்திருக்க மாட்டாள். அதிகாரியின் வாய்ச்சொல்லுக்கு எழுத்துக் கேட்டுத்தான் அவளுக்குப் பழக்கமில்லை. அந்த அடுத்த கிழமை வரவேயில்லை. இரண்டு தரம் ஞாபகப்படுத்தினாள். பிறகு அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

மூன்று கிழமைக்கு முன், பாத்தியில் நின்ற றஹ்மத் உம்மாவின் பாதத்தில் மடைப்பலகையின் துருப்பிடித்த ஆணி ஏறியது. இரத்தத்தில் சீனி கூடிய வருத்தக்காரி, புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். நட்டஈடு கேட்டுப் போன மகள் ஸம்ஹாவுக்கு முன்னால் (அவளும் அதே பாத்தியில்தான் வேலை), சப்பாத்துக்கு உம்மா கையெழுத்து வைத்த தாளை மேஜர் எடுத்துப் போட்டாராம். சப்பாத்துக் கொடுத்தாயிற்று, போடாமல் இறங்கியது உங்கள் பிழை என்றாராம்.

அன்று காலை, வரம்பில் நின்ற சாருமதியை அவர் கந்தோருக்கு அழைத்து ஒரு கடிதத்தை நீட்டினார். மேற்பார்வையாளர் சொல்லியும் கேளாமல் றஹ்மத் உம்மா வெறுங்காலோடு இறங்கினாள் என்று அதில் இருந்தது. கீழே சாருமதியின் பெயர்.

"சைன் பண்ணுங்க. கவர்மென்ட் தொழில் கந்தோர் விசாரணைக்குக் குடுக்கணும். புது உப்பளத்துக்கு ஒங்களத்தான் மனேஜராப் போட யோசிச்சு ஈக்கேன்."

"சப்பாத்து எல்லாம் ஸ்டோர்ல கிடக்குது சேர். நீங்கதானே வைக்கச் சொன்னது."

"நான் சொன்னதுக்கு எழுத்து ஈக்கா?"

வடக்கில் கண்ணிவெடி அகற்றிய காலத்தில், இந்த மனிதர் நிலம் சுத்தம் என்று சொன்னால் முதல் ஆளாகக் கால் வைத்தவள் சாருமதி. அந்த நம்பிக்கையை வைத்தே அவளை ஏமாற்றிவிட்டார். அவர்மீது வந்த ஆத்திரத்தைவிடத் தன்மீது வந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது. பேனையைத் தொடாமல் பாத்திக்கு நடந்தாள்.

பெண்களைக் கூப்பிட்டு ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஸம்ஹாதான் முதலில் பேசினாள்.

"எங்கட உம்மாட கையெழுத்த வாங்கினது நீங்கதானே மிஸ்?"

"ஓம், நான்தான். சப்பாத்தத் திருப்பி வாங்கினதும் நான்தான். ரெண்டையும் தொழில் கந்தோருல வந்து சொல்லுறன்."

"ஒங்கட வேல போயிருமே."

"போகும்."

ஸம்ஹா கையிலிருந்த தடியைக் கீழே போட்டுவிட்டு வரம்பில் போய் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் தவமணி உட்கார்ந்தாள், அடுத்ததாகப் பவுலினா. சிறிது நேரத்தில் பாத்திக்குள் ஒருத்தியும் இல்லை.

தெற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. அள்ளாத உப்பு மழையில் கரைந்தே போகும். அது தெரிந்துதான் மேஜர் ஓடிவந்தார். எழும்பச் சொல்லிச் சத்தம் போட்டார். நாளைக்கு ஒருத்தியும் வரத் தேவையில்லை என்றார். யாரும் அசையவில்லை.

"சாருமதி, இவங்கள எறக்குங்க. இது ஓடர்."

"நான் ஆமிய விட்டு மூண்டு வருஷம் சேர்."

சொல்லிவிட்டு அவளும் வரம்புக்குப் போனாள். தவமணி நகர்ந்து இடம் விட்டாள். நாளைக்கு வேலை இருக்குமா, தொழில் கந்தோர் யார் பக்கம் பேசும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. பயமும் இல்லாமல் இல்லை. தோளோடு தோள் இடிபட இருந்ததில் அது கொஞ்சம் குறைந்திருந்தது.

முதல் துளிகள் விழுந்தன. மேஜர் உப்பைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"சரி, ஒங்களுக்கு என்னதான் வேணும்?" என்று சாருமதியிடம் கேட்டார்.

"என்னட்டக் கேக்காதீங்க சேர். இவங்களட்டக் கேளுங்க."

அத்தனை வருஷத்தில் அவர் அந்தப் பெண்களிடம் எதையும் கேட்டதில்லை. மழை வலுத்தது. ஸம்ஹா எழுந்து நின்று, தன் உம்மாவின் பெயரைச் சொல்லித் தொடங்கினாள்.