கடைசி வரிக்குக் கீழே பாஞ்சாலை

1.

இந்தக் கதை என்னுடையது இல்லை. லோரி ஓட்டும் முருகையா, மலைமேல் கியா பார்மில் முட்டைக்கோசு ஏற்றி முடியும்வரை பொழுது போகவேண்டுமே என்று சொன்னது. ஏற்றி முடிந்ததும் கதையைப் பாதியில் விட்டுவிட்டு ஈப்போவுக்கு இறங்கிப் போய்விட்டார். முடிவு அவரோடு போனது. போன வருஷம், எண்பத்தெட்டில் நடந்ததாம்.

எப்படித் தொடங்குவது?

‘தேயிலை மலையைப் பனி போர்த்தியிருந்த ஒரு விடியற்காலையில்’ (அடித்துவிட்டேன். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் பனியில்தான் தொடங்குகிறார்கள். பனி இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும்.)

‘விஞ்ஞானம் மனித குலத்துக்கு அளித்த’ (இதற்குப் பனியே மேல்.)

2.

தோட்டத்தில் பெரட்டு என்று ஒரு வழக்கம். காலையில் ஆபீஸ் முன்னால் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டால் வேலை. கூப்பிடாவிட்டால் கூடையோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஏன் என்று கேட்பதில்லை. ஒரு மாதம் பெயர் விழாத ஆளைத் தோட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். நீக்கப்பட்டவருக்கு லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இடம் கிடையாது.

இந்தத் தோட்டத்துக்கு மேனேஜர் டொனால்ட் துரை ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். திரையில் சதுரம் சதுரமாக விண்டோக்கள் திறக்கும். ஒன்றில் கடிகாரம், ஒன்றில் கொழுந்து பறிக்கும் ஆட்களின் பெயர்கள். துரையே எல்லாவற்றையும் திறந்துவைத்துவிட்டுக் கிராணி கிரகரியிடம் சொன்னார்:

“இனிமே புக்கு வேணாம். ஸ்கிரீன பாத்து கூப்பிடு. எதையும் தொட்டுடாத.”

நீளமான வயர் போட்டு, மேசையை ஆபீஸ் வாசலுக்கு இழுத்து, கிரகரி கூப்பிட்டான். பெயர் விண்டோ ஒரு வரி குட்டை. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் பாஞ்சாலை. அவள் பெயர் விளிம்புக்குக் கீழே போய்விட்டது.

எல்லோரும் மலையேறிய பிறகும் அவள் நின்றாள்.

“கிராணி ஐயா, நான் நிக்கிறேன்ல?”

“நீ நிக்கிற பாஞ்சாலை. அதுல இல்லையே.”

(விளிம்பைப் பிடித்துக் கீழே இழுக்க மௌஸ் என்று ஒரு கருவி உண்டு. அது தொலைந்துவிடக் கூடாது என்று துரை அதைத் தன் டிராயரில் வைத்துப் பூட்டியிருந்தார். கிரகரி இரண்டு முறை துரையிடம் சொன்னான். “கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது” என்றார் துரை.)

3.

கிரகரிதான் எனக்குத் தலைவலி. அவனுக்கு அவளைச் சரியாகத் தெரியாது என்று எழுதிப் பார்த்தேன். அது ஒட்டவில்லை, அதே லயத்தில் நான்கு வீடு தள்ளி இருக்கிறவன். சரி, கெட்டவனாக்கலாம் என்று ‘கிரகரியின் உதட்டில் ஒரு குரூரப் புன்னகை’ வரைக்கும் எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்தது.

ஏனென்றால் கெட்டவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான். அவன் முருகையாவை வழிமறித்துக் கெஞ்சியிருக்கிறான்.

“அண்ணே, ஈப்போவுல கம்ப்யூட்டர் கடை இருக்காம் லா. பெட்டிய பெருசாக்குற சாமான் ஏதாச்சும் இருக்கான்னு கேளுங்க. ஒரு வரி இறங்குனா போதும். அந்தப் பொண்ணு தெனம் வந்து நிக்குது, பாக்க முடியல.”

கடைக்காரன் கொடுத்த முதல் டிஸ்க் காலிக் கோசுக் கூடைகளுக்கடியில் ஈரத்தோடு வந்து சேர்ந்தது. அதற்குள் என்ன இருந்ததோ, திறக்கவே இல்லை. அடுத்ததற்கு இன்னொரு நடை. இவன் டிஸ்க்குக்காகக் காத்திருந்த காலமெல்லாம் பாஞ்சாலை விடியலில் வந்து நின்று, கூடையோடு திரும்பிப் போனாள். வீட்டில் அம்மா படுக்கையில். லயத்தை விட்டால் இருவருக்கும் போக்கிடம் இல்லை.

4.

இரண்டாவது டிஸ்க் வேலை செய்தது. விண்டோக்களின் அளவை அதுவே சரிசெய்யும் என்று கடைக்காரன் உத்தரவாதம் கொடுத்திருந்தான். சரிசெய்தது. எல்லா விண்டோவுக்கும் சம பங்கு. கடிகாரம் பாதித் திரைக்கு வளர்ந்தது. பெயர் விண்டோ இன்னும் இரண்டு வரி குறைந்து, சிவசாமியும் திலகமும் கீழே போனார்கள்.

திலகம் கூடையை எடுத்துக்கொண்டு திரும்பி நடக்கப் பார்த்தாள். சிவசாமி அப்படிப்பட்ட ஆள் இல்லை. தொண்டையைத் திறந்தால் அடுத்த ஊர் கம்போங் ராஜா வரைக்கும் கேட்கும்.

“எம்பேரு எங்கடா கிராணி?”

“சிவசாமி!” என்று கிரகரி உடனே கூப்பிட்டான், திரையைப் பார்க்காமலே. கூப்பிட்ட வேகத்தில் “திலகம்” என்றும் வந்துவிட்டது. அவர்கள் இருவரும் வேலைக்குப் போனார்கள். வானம் இடிந்து விழவில்லை. துரைக்குத் தெரியக்கூட இல்லை.

பாஞ்சாலை அவனைப் பார்த்தாள்.

“வாயாலயும் கூப்பிடலாம் போல,” என்றாள்.

கிரகரி கடிகாரத்தைப் பார்த்தான். இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. அவன் தேடிக்கொண்டிருந்தது ஒரு வரி இடமா, அல்லது தான் பொறுப்பேற்காமல் அந்தப் பெயர் தானே வந்து விழ ஒரு வழியா? (இந்தக் கேள்வியைக் கதைக்குள் வைக்கக் கூடாது. வைத்துவிட்டேன்.)

5.

மறுநாளோடு அவளுக்குப் பெயர் விழாமல் ஒரு மாதம் முடிகிறது. இந்த இடத்தில்தான் கோசு ஏற்றி முடிந்தது.

முடிவு ஒன்று: மூன்றாவது டிஸ்க் வருகிறது, விண்டோ நீள்கிறது, எல்லாம் சுபம். (அந்த நடையில் லோரி தாப்பா மலைப்பாதை வளைவுகளில் பழுதாகி நின்றுவிட்டதாக முருகையாவே சொல்லியிருந்தார்.)

முடிவு இரண்டு: துரை மனம் மாறி டிராயரைத் திறந்து (இல்லை. அவர் துரை.)

முடிவு மூன்று: சிவசாமி அவளுக்காகவும் கத்துகிறார். (ஆசைதான். ஆனால் சிவசாமி சிவசாமிக்காக மட்டுமே கத்துவார்.)

ஆகவே மறுநாள் காலை. கூப்பிடப்பட்டவர்கள் மலையேறிவிட்டார்கள். மேசைக்குப் பின்னால் கிரகரி. எதிரே அவள், கூடையோடு. அவனை என்னால் பேசவைக்க முடியவில்லை. இரண்டு நாளாக முயல்கிறேன். அதனால் அவனை எழுப்பி அனுப்பிவிட்டேன். நாற்காலி காலியாக இருக்கிறது. உட்காருங்கள்.

அவள் பெயர் உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் இதை மனத்துக்குள் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். பெரட்டில் மனத்துக்குள் கூப்பிட்டால் கணக்கில்லை.