புரட்டாசிச் சனிக்கிழமை மீன்

உஷாராணிக்கு நடுமுதுகு விண்விண்ணென்று தெறித்தது. விடிந்ததிலிருந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து பன்னிரண்டு கிலோ மீனைச் செதிள் உரசிக் குடல் எடுத்திருந்தாள். வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. புரட்டாசிச் சனிக்கிழமை. வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றி, பெருமாளுக்குப் படைத்த பிறகுதான் வாயில் பருக்கை. விரத நாளில் அவள் மீன் அடுப்பைப் பற்றவைத்தது இந்தத் தொழிலுக்கு வந்த பதினைந்து வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

ஜேடர்பாளையம் அணைக்கட்டில் மீன் வறுக்கிற பொம்பளைகள் யாரும் தங்கள் காசில் மீன் வாங்கி வைப்பதில்லை. அணை பார்க்க வருகிறவர்களே கரையில் பரிசல்காரரிடம் எடை போட்டு வாங்கிப் பையோடு கொண்டு வந்து கொடுப்பார்கள். கழுவி, மசாலா தடவி, வறுத்துக் கொடுப்பதற்குக் கிலோ கணக்கில் கூலி. புரட்டாசி பிறந்தால் அந்தக் கூலியும் நின்றுவிடும்.

இந்த மாசத்தில்தான் சேலத்திலிருந்து ஃபைஸான் போன் செய்தான். வெளியூர்க்காரர்களை வேனில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுவது அவன் தொழில்.

"அக்கா, பெங்களூர் ஆளுங்க இருபது பேரு. பெரிய ஓட்டல் பக்கமே போக மாட்டாங்களாம். போற ஊர்ல அந்த ஊர்க்காரங்க கையாலதான் சாப்பிடணும், காசு அங்கயே பொழங்கணும்னு கொள்கை. மீனை நீங்களே வாங்கி மசாலா தடவி வெச்சிருங்க. ஒரு மணிக்கு வந்துருவோம்."

"சனிக்கெழமயா சாமி?"

"அவங்களுக்கு அதெல்லாம் கெடையாதுக்கா."

பரிசல்காரர் சின்னுசாமியிடம் மீன் கேட்டபோது அவர் சிரித்தார். "பொரட்டாசியில மீனு கேட்டு வந்த மொத ஆளு நீதான் அம்மணி. வலையக் காயப்போட்டுப் பத்து நாளாச்சு."

"இருபது பேருங்ண்ணா. சனிக்கெழம பொழுதோட காசைக் கையில குடுத்தர்றேன்."

"கிலோ எரநூத்தம்பது. திங்கக்கெழம மீன் குத்தகைக்காரனுக்கு நான் பணம் கட்டோணும். இல்லீனா பரிசல ஆத்துல எறக்க உட மாட்டான். பாத்துக்க."

அவள் வாக்கை நம்பி இரண்டு நாள் அவர் ஆற்றிலேயே கிடந்தார்.

வேன் வரும்போது மணி இரண்டரை. இறங்கின அத்தனை பேர் நெற்றியிலும் நாமம். உஷாராணி முதல் நாலு துண்டை எண்ணெயில் போட்டாள். வாசம் எழும்பியது. ஒருத்தரும் கிட்டே வரவில்லை.

கூட்டத்துக்குத் தலைவியாக வந்த பிரீத்தி என்கிற பெண் முன்னால் வந்து கும்பிட்டாள். "அம்மா, காலையில நாமக்கல் கோயிலுக்குப் போனோம். அவ்வளவு கூட்டம். இந்த மாசம், அதுவும் சனிக்கிழமை, இந்தப் பக்கம் யாரும் மீன் கறி தொட மாட்டாங்களாமே?"

"அவங்கவங்க இஷ்டமுங்க. சாப்புடறவங்க சாப்புடத்தான் செய்றாங்க."

"நீங்க?"

நான் தின்பேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக் காட்டினால் இன்னும் விசேஷம். ஆனால் எதிரே இருபது நாமம் நின்றது.

"நான் வெரதமுங்க."

பிரீத்திக்குக் கண் கலங்கிவிட்டது. தன் ஆட்களைப் பார்த்துத் திரும்பினாள். "பார்த்தீங்களா? பட்டினியா உட்கார்ந்து நமக்குச் சமைக்கிறாங்க. இவங்க முன்னாடி உட்கார்ந்து நாம மீன் சாப்பிடறது மரியாதையா?"

இல்லை என்று தலையாட்டினார்கள். மரியாதை என்று பேச்சு வந்த பிறகு, பசித்தவன்கூட வாயைத் திறக்கவில்லை.

"சாம்பார் சாதம் மாதிரி ஏதாவது இருக்காம்மா?"

"மீனு மட்டுந்தாங்க."

உஷாராணி ஃபைஸானைத் தனியாக இழுத்தாள். "ஏஞ்சாமி, உன்ற பேச்சக் கேட்டுத்தான வாங்குனேன்?"

"சாப்பிடுங்கன்னு வேன்லயே சொல்லிப் பார்த்தேன்க்கா. நான் அழுத்திப் பேசுனா நல்லாவா இருக்கும்? இந்துக்கள் விரதத்தை இவன் கெடுக்கறான்னு ஆயிரும்."

மசாலா தடவிய மீனுக்காவது பணம் கொடுக்கச் சொல்லி அவன் போய்க் கேட்டான். உஷாராணி காதில் விழுகிற மாதிரியே பிரீத்தி பதில் சொன்னாள். சாப்பிடாததற்குப் பணம் கொடுத்தால் அது தர்மம் ஆகிவிடுமாம். உழைக்கிறவர்களை அப்படி அவமானப்படுத்தக் கூடாது என்பது அவர்கள் விதியாம். பக்கத்தில் கொய்யாப்பழம் விற்றவளிடம் பேரம் பேசாமல் கூடையையே காலி செய்தார்கள். உஷாராணியோடு நின்று படம் பிடித்துக்கொண்டு ஏறிப் போய்விட்டார்கள். சட்டியில் கிடந்த நாலு துண்டும் கரியாகியிருந்தது.

பரமத்திவேலூரில் தெரிந்த இரண்டு ஓட்டலுக்குப் போன் போட்டாள். "பொரட்டாசி போவட்டும்க்கா" என்றார்கள் இரண்டு பேரும். அணைக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள். மீனுக்கு அடியில் போட்டிருந்த ஐஸ் கரைந்து, மசாலா நீர்த்துத் தரையில் ஓடியது.

பொழுது சாய்கிற நேரத்தில் சின்னுசாமி வந்தார். தட்டுகளைப் பார்த்தார். ஈயைப் பார்த்தார்.

"காசுக்குப் பதிலா மீனாவே எடுத்துக்கறீங்களாண்ணா?"

"மசாலா தடவுனத ஆத்துல திருப்பி உட்டா நீந்துமா அம்மணி?"

அவர் சத்தம் போடவில்லை. கத்தியிருந்தாலாவது பதிலுக்கு அழுதிருக்கலாம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பரிசல் கவிழ்த்திருந்த இடத்துக்குப் போனார்.

உஷாராணி மண்வெட்டியை எடுத்து மீனைப் புதைக்கக் குழி வெட்டினாள். முதுகு மறுபடி தெறித்தது. திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரே நாள்தான். பன்னிரண்டு கிலோ மீனுக்குச் சின்னுசாமிக்கு அவள் மூவாயிரம் ரூபாய் தர வேண்டும்.