துடைப்பம் தொடாத சொந்தக்காரி

வீட்டு வேலைக்காரர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று சட்டம் வந்த அன்று, மோலோவில் எங்கள் தெருவில் இருந்த வேலைக்காரிகள் அத்தனை பேரும் காணாமல் போனார்கள். யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை. அதே அடுப்படியில், அதே கரித்துணியோடுதான் நின்றார்கள். ஆனால் வார்டு ஆபீஸிலிருந்து தெலெஸ்போரோ பேர் பதிய வந்தபோது வீட்டுக்கு வீடு சித்தப்பா மகளும் ஒன்றுவிட்ட நாத்தனாரும்தான் இருந்தார்கள். ஒரு வீட்டில், மீன் விற்க வந்து வாசலில் நின்றவளையும் எதற்கும் இருக்கட்டும் என்று அத்தை ஆக்கிவிட்டார்கள். சொந்தக்காரருக்குச் சம்பளச் சட்டம் கிடையாதே.

எதிர்வீட்டு எமெரென்சியா மேடம் தன் பழைய பூப்போட்ட கவுனை பெர்லித்தாவுக்கு மாட்டி சோபாவில் உட்காரவைத்தாள். அந்த வீட்டில் சமைத்து, துவைத்து, படுக்கையில் கிடந்த மேடத்தின் அப்பாவுக்குக் கால் கழுவிவிட்டதெல்லாம் பெர்லித்தாதான்.

"யாரு இது?" என்றான் தெலெஸ்போரோ.

"என் சித்தி பொண்ணு."

"உங்க ஜாடை இல்லையே."

"அவ அப்பா ஜாடை."

பெர்லித்தா கவுனை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். மாலையில் என் கடைக்குச் சோப்பு வாங்க வந்தவள் (அண்ணன் முறை வைத்து என்னை மனோங் என்பாள்) சொன்னாள்: "பேரு பதிஞ்சா ஆஸ்பத்திரி அட்டை தருவாங்களாம், மனோங். இந்த வலது கண்ணுல பொரை முத்திப்போச்சு. அட்டை இருந்தா எடுத்துடுவாங்க. விட்டா பார்வை போயிடும்னு டாக்டர் சொன்னாரு."

"அப்புறம் ஏன்டி வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தே?"

"தொறந்தா அன்னிக்கே வெளிய போன்னுடுவாங்க. இனிமே மேடம்னு கூப்பிடக்கூடாதாம். அக்கா முறை வெச்சு மனாங்னுதான் கூப்பிடணுமாம். அக்கா தங்கச்சியாம் நாங்க."

அடுத்த மாதம் மேடத்தின் அப்பா போய்ச் சேர்ந்தார். பிணத்தைக் கூடத்தில் வைத்து, தெருவே கூடி நாள்கணக்கில் சீட்டாடி, நிலக்கடலையும் தர்ப்பூசணி விதையும் கொறிப்பது எங்கள் வழக்கம். அத்தனை நாளும் செத்தவரின் சொந்தக்காரர்கள் துடைப்பத்தைத் தொடக்கூடாது. தொட்டால் அடுத்த சாவையும் அதே வீட்டுக்குள் கூட்டி வருவதாக அர்த்தம். வெளியாள் கூட்டலாம், தப்பில்லை.

பெர்லித்தா துக்க வீட்டார் குத்தும் கறுப்பு ரிப்பனைச் சட்டையில் குத்திக்கொண்டு, சொந்தக்காரர் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டாள். தரையில் கடலைத் தொலியும் விதைத் தொலியும் சேர்ந்தது. முதலில் கணுக்கால் வரை, அப்புறம் முழங்கால் வரை. ஒரு பூனை அதற்குள் குட்டி போட்டது. குள்ளமான சீட்டாட்டக்காரர் ஒருவரின் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. அவர் ஜெயித்துக்கொண்டிருந்ததால் யாரும் அவரைத் தேடவில்லை.

பாதிரியார் வரும் நேரம். மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு, "பெர்லித்தா, தொடப்பத்த எடு" என்றாள்.

"எப்படி மனாங்? வீட்டாளு கூட்டினா அடுத்த சாவும் இங்கதானே? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எப்படித் தாங்குவேன்?"

"நீ கூட்டினா ஒண்ணும் ஆகாதுடி."

தெலெஸ்போரோ கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தான். "ஏன் ஆகாது? சித்தி பொண்ணுதானே?"

வாசலில் பாதிரியாரின் கார் வந்து நின்றது. மேடம் தொலியைப் பார்த்தாள், சவப்பெட்டியைப் பார்த்தாள்.

"சித்தி பொண்ணுமில்ல, ஒரு மண்ணுமில்ல. வேலைக்காரி. போதுமா?"

பெர்லித்தா ரிப்பனைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். பிணம் கிடக்கும் வீட்டில் சிரித்துக்கொண்டே ஒருத்தி கூட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் தெலெஸ்போரோ பேரைப் பதிந்தான். எங்கள் தெருவிலேயே பதிவான ஒரே வேலைக்காரி. அட்டையும் வந்தது. ஆனால் சில மாதம் எஜமானி தன் பங்குப் பணத்தைக் கட்டினால்தான் அந்த அட்டைக்கு ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும்.

ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் மேடம் கூப்பிட்டாள்.

"சட்டம் சொல்ற சம்பளம் எனக்குக் கட்டாது. அதுக்குக் கொறைச்சுக் குடுத்தா சட்டத்துக்கே அவமரியாதை. நீ கெளம்பு."

அந்த வாரமே கிராமத்திலிருந்து விதவை ஒருத்தி வந்து இறங்கினாள். இவள் நிஜமாகவே சித்தி மகள். சம்பளம் என்ற பேச்சே எழவில்லை.

பெர்லித்தா இப்போது வீடு வீடாகப் போய்த் துணி துவைக்கிறாள். அன்றன்றைக்கு வந்து துவைத்துவிட்டுப் போகிறவளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதாம், தெலெஸ்போரோ சொன்னான். அட்டையை பிளாஸ்டிக் பையில் போட்டு இடுப்பில் செருகியிருக்கிறாள்.

போன சனிக்கிழமை என் வீட்டுக் குழாயடியில் உட்கார்ந்து துவைத்தாள்.

"கண்ணு எப்படி இருக்கு?"

"இடது கண்ணு நல்லா இருக்கு, மனோங்."

என் சட்டையைப் பிழிந்து, உதறி, வெயிலில் தூக்கிப் பிடித்தாள். "காப்பிக் கறை போயிடுச்சா பாருங்க."

நெஞ்சுக்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே இருந்தது.

"போயிடுச்சு" என்றேன்.