கடிக்காத கரண்ட்

மழை கம்பிகளின் மேல் விழுந்து விழுந்து தெறிக்கிறது, துணைமின் நிலையம் முழுவதும் ஒரே ரீங்காரம், ஜன்னலருகே நிற்கும் பேச்சியம்மாளுக்கு அந்தச் சத்தம் பிறந்த வீட்டுச் சத்தம், லைன்மேனாக இருந்த அப்பாவின் காக்கிச் சட்டையோடு அதுவும் வீட்டுக்கு வரும் என்றே நினைத்திருந்தாள், கம்பத்தில் கை கருகி அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாள்வரை.

எலக்ட்ரிக்கல் படிக்கேன் என்றபோது அப்பா சொன்னார், படி தாயி, ஆனா கடிக்காத கரண்டாப் பாத்துப் படி. கல்லூரி முடிந்து தோழிகள் ஆளுக்கொரு திசையில் போனார்கள், ஒருத்தி ரயில் மோட்டாருக்கு, ஒருத்தி இதயத்துடிப்பை அளக்கும் கருவிக்கு, இவள் பெங்களூரில் சிப் வடிவமைக்க, துவரம்பருப்பளவு சிப், கடிக்கவே கடிக்காது, நல்ல வேலைதான், ஆனால் தூக்கத்தில் மின்கம்பங்கள் வயல்களைத் தாண்டி நடந்து வருகின்றன, கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கே போகிறீர்கள் என்று கேட்பதற்குள் விழித்துக்கொள்கிறாள்.

வேலையை விட்டு இங்கே, லைனில் கோளாறு வந்தால் கண்ணிமைப்பதற்குள் மின்சாரத்தை நிறுத்தும் ரிலேக்களை அமைக்க வந்துவிட்டாள். பெரிய கரண்டுக்குக் காவல் நிக்கிறதே சின்ன கரண்டுதாம்ப்பா என்று சொல்லிப் பார்த்தாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார், அதன்பிறகு பேச்சே இல்லை.

இன்று காற்றில் ஒரு லைன் அறுந்தது, ரிலே உடனே நிறுத்திவிட்டது, அதைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தாள், கதவு திறந்தது, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட அப்பா. இத்தனை மாதம் கழித்து அவளைப் பார்க்கத்தான் பஸ் ஏறியிருக்கிறார்.

அறுந்த கம்பி பஸ்ஸுக்கு முன்னால வந்து விழுந்துச்சு தாயி, எல்லாரும் எறங்கி ஓடப் பாத்தானுவ, ஒருத்தனும் எறங்கப்படாதுன்னு வாசல மறிச்சு நின்னுட்டேன், லைன்மேன் வந்து பாத்துட்டு, விழுமுன்னயே ரிலே கரண்ட நிப்பாட்டிட்டுது பெரியவரேங்கான், கம்பில ஒரு பொறி வரல.

உங்களுக்கு ஒண்ணுமில்லயேப்பா என்றாள்.

எனக்கென்ன, எம்மவ வச்ச ரிலேன்னு அவங்கிட்டயே சொல்லிட்டேன், பஸ்ஸுல எல்லாருக்கும் கேக்கும்படி.

அவள் ரிலே இருக்கும் பேனலைத் திறந்து காட்டினாள். இத்தினியூண்டா, என்று குனிந்தார், கம்பி அறுந்தது இதுக்கு எப்படித் தெரியுது, காத்துல சும்மா ஆடினா நிப்பாட்டாதா, இடி விழுந்தா? அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள், வாங்கி வைத்த டீ ஆறிக்கொண்டிருக்கிறது, வெளியே மழை விடுவதாயில்லை, அப்பா நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்கிறார்.