அரைக் கலப்பத்து

லாலி என் மனைவியின் தம்பி. அந்த ஒரே காரணத்தால்தான் என் கொட்டாப்புளி அவன் மண்டையில் இறங்காமல் போனது.

லாமு தீவின் மத்தோந்தோனிக் கரையில் அவன் கட்டிய பாய்க்கப்பலுக்குக் கலப்பத்து அடிக்கும் வேலை எனக்கு. பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரியை வைத்து, உளியால் அடித்து இறக்க வேண்டும். காய்ந்த மரம் கடலில் இறங்கினால் தண்ணீர் குடித்து உப்பும். அது உப்ப இடம் விட்டு அடிப்பதற்குப் பெயர்தான் கலப்பத்து. மீதியெல்லாம் பஞ்சு திணிப்பது. இது லாலிக்குப் புரியவே இல்லை.

"மச்சான், உள்ள நின்னு பாத்தா வெளிச்சம் தெரியுது. இன்னும் ரெண்டு திரி வச்சு இறுக்குங்க."

"தெரியட்டும்டா. மரம் தண்ணி குடிச்சா தானா மூடிக்கும்."

"பஞ்சை மிச்சம் புடிச்சு என்ன பண்ணப் போறீங்க? அக்காவுக்குத் தலையணை தைக்கவா?"

எண்ணெய் வாங்க லாமு டவுனுக்குப் போன நான் மறுநாள் திரும்பி வந்து பார்த்தால், வலப்பக்கம் முழுக்கப் பஞ்சு பிதுங்கி நிற்கிறது. லாலி என் உளியாலேயே அடித்து, மேலே சுண்ணாம்பும் கொழுப்பும் பூசியும் விட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொக்கியை எடுத்துப் பஞ்சைப் பிடுங்கப் போனேன். லாலி கையைப் பிடித்துக்கொண்டான்.

"நேரம் இல்ல மச்சான்! பௌர்ணமித் தண்ணி ஏறுது. ஊரே வந்தாச்சு, ஆடு அறுத்தாச்சு, சோறு வேகுது!"

உண்மைதான். இந்த ஏற்றத்தை விட்டால் காற்று திரும்பிவிடும், பிறகு கப்பல் மாதக்கணக்கில் மணலில் கிடக்கும். கயிறு பிடிக்க ஆட்கள் வரிசையாக நின்றார்கள். கயிற்றுத் தலைவர் ஃபாமாவு வழக்கப்படி உரக்கக் கேட்டார்.

"கலப்பத்து யாரு கை?"

கலப்பத்து அடித்தவன் கப்பலின் மேல் உள்ளங்கையை வைத்து "என் கை" என்று சொல்லாமல் எவனும் கயிற்றைத் தொடமாட்டான். சொல்லிவிட்டால் அந்தக் கப்பல் எங்கே ஒழுகினாலும் என் பெயர்தான் நாறும். லாலி கண்ணாலேயே கெஞ்சினான். நான் இடப்பக்கப் பலகையில் உள்ளங்கையை வைத்தேன்.

"இடப்பக்கம் என் கை. வலப்பக்கம் லாலி கை."

கரையே சிரித்தது. "அப்போ நாங்க பாதிக் கப்பலத்தான் இழுக்கணுமா?" என்று ஒருவன் கத்தினான். ஆனாலும் பசியில் இருந்தவர்கள் இழுத்துவிட்டார்கள்.

கப்பல் மிதந்தது. என் பக்கம் கசிய ஆரம்பித்தது. லாலியின் பக்கம் ஒரு சொட்டு இல்லை! தண்ணீரை இறைத்துக் கொட்டியபடியே, "மரம் குடிக்கட்டும், பொறுங்கடா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் கேட்டார்கள்? அன்று மாலையே காப்பிக் கடையில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: அரைக் கலப்பத்து.

இரண்டு நாளில் என் பக்கம் கசிவு நின்றது. அதைப் பார்க்க ஒருவனும் வரவில்லை. அதற்கு மறுநாள் வலப்பக்கம் உப்பி, போக இடமில்லாமல் நெரிந்து, ஆணிகள் பிய்ந்து ஒரு பலகை வெளியே துருத்திக்கொண்டது. கப்பலைச் சேற்றில் ஏற்றுவதற்குள் முழங்கால் அளவு தண்ணீர்.

லாலி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன்.

"மச்சான், பலகையச் சரி பண்ணிட்டு, ரெண்டு பக்கமும் உங்க கைன்னு ஊருக்கு முன்னால சொல்லிடுங்க. நான் அடிச்ச கப்பல்னா சரக்கு ஏத்த ஒருத்தனும் வரமாட்டான். எங்கிட்ட இருந்ததெல்லாம் அதுலதான் கிடக்கு."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் மனைவி துருவுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

வலப்பக்கப் பஞ்சையெல்லாம் பிடுங்கி எறிந்தேன், பலகையை ஏற்றினேன், இடம் விட்டுப் புதிதாக அடித்தேன். சேற்றிலிருந்து இழுக்கச் சாதாரண ஏற்றமே போதும்; மறுபடி ஊர் கூடியது. மறுபடி ஃபாமாவு கேட்டார். உள்ளங்கையை வைத்தேன்.

"ரெண்டு பக்கமும் என் கை."

ஃபாமாவு என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"இதை அன்னிக்கே ஒத்துக்கிட்டிருக்கலாம்ல? பாவம், அந்தப் பையன் மேல பழியப் போட்டியே."